சிரில் சொன்ன கதை

ஷெஃபீல்டு குவாரியில் சரளை லாரியை விட்டுவிட்டு வில்ஃப் வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி எட்னா கேட்டாள்.

"டீக்கடையில இன்னிக்கு என்ன கூத்து, வில்ஃப்?"

"எல்லாம் அந்த சிரில்தான்! 'இந்த டீயை ரோட்டுல ஊத்தினா தார் மிச்சம்டா'ன்னான். கடைக்காரம்மா கரண்டியைத் தூக்கிட்டா!"

எட்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இந்தச் சிரிப்புக்காகத்தான் வில்ஃப் பொய் சொன்னான். ஓட்டுநர் ஒருவன் செத்த வழக்கில், பிரேக் இல்லாத லாரியை முதலாளி தெரிந்தேதான் அனுப்பினார் என்று இவன் சாட்சி சொல்லியிருந்தான். பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டான் என்று, அன்றிலிருந்து சிரில் உட்பட சக ஓட்டுநர்கள் யாரும் இவனிடம் பேசுவதில்லை. இவன் போய் உட்கார்ந்தால் மேசையே காலியாகிவிடும். வேடிக்கைப் பேச்செல்லாம் தனியாக லாரி ஓட்டும்போது இவனே இட்டுக்கட்டியவை. எட்னாவுக்காவது அக்கம்பக்கம் இருக்கிறதே என்று ஓர் ஆறுதல்.

மறுநாள் மாலை எட்னா முந்திக்கொண்டாள்.

"சிரில் பொண்டாட்டி மேவிஸ் வந்து ரொம்ப நேரம் பேசிட்டுப் போனா. அந்தத் தார் கதையை சிரில் வீட்டுலயும் சொன்னானாம். சிரிச்சுச் சிரிச்சு இவளுக்குப் புரையேறிடுச்சாம்!"

வில்ஃப் அவள் முகத்தையே பார்த்தான். சிரில் சொல்லாத கதை அது. அப்படியானால் இந்த வீட்டுப் படியையும் யாரும் மிதிப்பதில்லை.

நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அப்புறம்? மேவிஸ் வேற என்ன சொன்னா?"