கூழ் வரிசையில் கனகாம்பரம்

ஆடி ஞாயிறு. திருவொற்றியூர்ச் சந்தில் அம்மன் கோயில் வாசலில் கூழுக்கு வரிசை நிற்கிறது. வேப்பிலைத் தோரணத்தில் கன்டெய்னர் லாரிகளின் தூசி. கார்குழலி தலையில் கனகாம்பரத்தோடு தூக்குவாளி ஏந்தி நிற்கிறாள். வீட்டில் புருஷன் இருக்க, அவளையும் அன்புமணியையும் சேர்த்து மூன்று மாதமாகத் தெரு பேசுகிறது. அன்புமணியோ உள்ளே நின்று கூழ் ஊற்றுகிறான். "பூவ வேற வெச்சிகினு வந்துகீது பாரு! கெளம்பும்மா," என்று விழாக்குழு லோகநாதன் அவள் பூவைப் பறிக்கக் கை நீட்டுகிறார். பின்னால் நிற்கும் வரலட்சுமி டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "நைனா, அந்தக் காலத்து ஏதென்ஸ்ல இப்டி சட்டமே இருந்துச்சு. சோரம் போனவ கோயிலுக்கு வரக்கூடாது, நகை போடக்கூடாது. மீறி வந்தா யாரு வேணா புடுங்கலாம். நீ எப்போ கிரேக்கக்காரனா ஆன?" வரிசை சிரிக்கிறது. கார்குழலி சிரிக்கவில்லை. "உள்ள ஊத்துறவன மொதல்ல எறக்கு நைனா. அப்பால நா போறேன்." அன்புமணியின் கரண்டி அந்தரத்தில் நிற்கிறது. லோகநாதன் அவனைப் பார்க்கிறார், கையை விடுவித்துக்கொண்டு வழிவிடுகிறார். வரலட்சுமி தன் மல்லிகையில் பாதியைக் கிள்ளிக் கனகாம்பரத்தின் பக்கத்தில் செருகுகிறாள். கார்குழலி படியேறி, அம்மனைக் கும்பிட்டு, தூக்குவாளியைத் திறந்து அவன் முன் நீட்டுகிறாள். "ரொம்ப ஊத்து. டீச்சருக்கும் சேத்து."