மேடம் பேரில் வந்த வண்டி

புதுக் காரின் நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சை வைத்தாகிவிட்டது. டிரைவர் கதவைத் திறந்த ஞானசேகரன் அப்படியே நின்றான். ஸ்டியரிங்குக்குக் கீழே, கையாலேயே வண்டியோட்ட ஓர் இரும்புப் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. மனைவி வளர்மதி சக்கர நாற்காலியிலிருந்து சுலபமாக மாறி உட்கார, இடப்பக்கம் வெளியே திரும்பும் சீட்டைத்தான் அவன் கேட்டிருந்தான். அது வலப்பக்கம் இருந்தது.

“என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க?” ஷோரூமே திரும்பிப் பார்த்தது.

மேனேஜர் ஓடி வந்தார். “மேடம் பேர்ல புக் ஆகியிருந்தது சார். அவங்கதான் ஓட்டுவாங்கன்னு நினைச்சிட்டோம். பத்து நாள்ல மாத்திடறோம்.”

“மாற்றுத்திறனாளி வரிச்சலுகைக்காக அவ பேர்ல போட்டதுய்யா அது!”

வளர்மதி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். “நான்தான் ஓட்டுவேன்னா நினைச்சீங்க?”

“மன்னிச்சிடுங்க மேடம்.”

“அதெல்லாம் வேணாம். நினைச்சீங்களா, இல்லையா?”

“ஆமா மேடம்.”

அவள் கைகூப்பினாள். “ரொம்ப நன்றிங்க. முன்னாடி நானும் வண்டி ஓட்டினவதான். விபத்து நடந்து எட்டு வருஷமாச்சு. நான் மறுபடி ஓட்டலாம்னு எங்க வீட்ல யாருக்கும் தோணல.”

டிரைவர் சீட் வெளியே திரும்பி அவளை வாங்கிக்கொண்டது. கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைத்தாள். பிடியை முன்னால் தள்ளினால் பிரேக், கீழே அழுத்தினால் வேகம் என்று மேனேஜர் காட்டிக்கொடுத்தார்.

“சுத்தி வந்து ஏறுங்க,” என்றாள் கணவனிடம்.

இடப்பக்கம் ஏறிய ஞானசேகரன், பழக்கத்தில் வலது தோளுக்கு மேல் கையை நீட்டி பெல்ட்டைத் தேடினான்.

“அந்தப் பக்கம்,” என்று சொல்லி அவள் பிடியை அழுத்தினாள். எலுமிச்சைகள் நசுங்கின.