மேகபுரியின் அமைச்சர்

மேகபுரி நாட்டு அமைச்சர் கைகள் பின்னால் கட்டப்பட்டு மண்டியிட்டிருந்தார். ராணிக்கு வயது பத்தொன்பது. அப்பன் செத்த ஆறாம் மாதமே எதிரிப் படை நாலு பக்கமும் சூழ்ந்துவிட்டது, பாவம். அவளைக் காட்டிக்கொடுத்த துரோகிக்கு வேறென்ன மரியாதை கிடைக்கும்?

"வடக்கு வாயிலில் காவல் இல்லை. பௌர்ணமியன்று படையோடு வாரும்." தாளை வாசித்த ராணுவ அதிகாரி நிமிர்ந்தார். "இது யாருக்கு எழுதினது?"

"ஐயா, இது கூத்து. அவரவர்ர பாட்ட அவரவருக்கு, கூத்துப் பழக்கிற அண்ணாவியார் எழுதித் தருவார். எனக்கு அமைச்சர் வேசம். ராணியக் காட்டிக்குடுக்கிறவன்."

இளையதம்பிக்கு அன்று நேரம் சரியில்லை. உடுப்புக்குச் சரிகை வாங்கப் படுவான்கரையிலிருந்து தோணியேறிப் புளியந்தீவுக்கு வந்தவரின் சட்டைப்பையில், துறையடிச் சோதனையில் அந்தத் தாள் அகப்பட்டுவிட்டது.

"வாயில், காவல், படை. எல்லாம் கூத்து?" அதிகாரி சிரித்தார். "சரி, உன்ட ராணியக் கூப்பிடு. வந்து சொன்னா விடுறன். இல்லாட்டி பின்னேரம் பெரிய முகாமுக்கு அனுப்புவன்."

பெரிய முகாமுக்குப் போன எவரும் அந்தத் துறையில் திரும்பி வந்து இறங்கியதில்லை.

"ராணி பொம்புள இல்ல, ஐயா. என்ட அக்காட மகன் யோகராசா. சொல்லிவிட்டா உடன வருவான்."

தோணிக்காரனிடம் விஷயத்தைச் சொல்லி அனுப்பினார்கள். இளையதம்பிக்குப் பாதிப் பயம் போய்விட்டது. டோப்பா வேண்டாமென்று இந்த வேசத்துக்காகவே ஒரு வருடமாக முடி வளர்த்தவன் மருமகன். அந்தக் கொண்டையைக் கண்டாலே அதிகாரிக்கு விளங்கிவிடும். கூத்தின் கடைசியில் அமைச்சரை வெட்டக் கொண்டுபோகையில், 'என்னவர் இவர், கட்டை அவிழுங்கள்' என்று ராணி பாடுவாள். ஒத்திகையிலேயே ஊர் அழுத கட்டம் அது.

மூன்று மணிக்கு யோகராசா வந்தான். தலை ஒட்ட வெட்டியிருந்தது. கத்தரித்த மயிர் இன்னும் சட்டைக் கழுத்தில் ஒட்டிக்கிடந்தது.

கண்ணகை அம்மனுக்கு முடியை நேர்ந்துவிட்டானாக்கும், அரங்கேற்றம் வரைக்கும் பொறுத்திருக்கலாமே என்று அந்த நிலையிலும் இளையதம்பிக்குச் செல்லக் கோபம் வந்தது.

"வந்திட்டியா மகனே! ஐயாட்ட சொல்லு மனே."

யோகராசா மாமனின் கட்டிய கைகளைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"இவரைத் தெரியுமா?" என்றார் அதிகாரி.

"ஓம் ஐயா. என்ட மாமா."

இளையதம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கட்டை அவிழ்ப்பார்களென்று கைகளை மெல்ல அசைத்துப் பார்த்தார்.

"அப்ப நீதான் கூத்தில ராணி?"

யோகராசா தலையை ஒருமுறை தடவிக்கொண்டான்.

"எங்கட ஊரில கூத்தே இல்ல, ஐயா."