சத்தம் போடாத வண்டி

"இதுவும் கரண்ட் வண்டிதான், ராமதாசு" என்று சொல்லிவிட்டு, சார்லி மெக்கானிக் கையிலிருந்த நீள ஸ்க்ரூடிரைவரை மறுபடி பெட்டிக்குள் போட்டார்.

பட்டறை வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. செவ்வந்தி மாலை நம்பர் பலகையையும் மறைத்துத் தொங்கியது. தேவிகாபுரத்துக் குணா வாங்கியிருக்கும் பழைய கார். வழக்கப்படி அதை வாசலில் நிறுத்திவிட்டு, டீ வாங்கப் போயிருந்தான்.

ஆரணியில் கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் கோயிலில் எலுமிச்சம்பழம், அடுத்து சார்லியின் காது. வண்டியை ஆஃப் பண்ணாமல் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேலும் பிடியைத் தன் காதிலும் வைத்து அவர் கண்ணை மூடிக்கொள்வார். எந்த வால்வு தேய்ந்திருக்கிறது, எந்த பேரிங் கெடப் போகிறது, முன்னால் ஓட்டியவன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு கியர் போடுகிறவனா என்பது வரை சொல்லிவிடுவார்.

"பின்ன இன்னாண்ணே? எல்லாம் கரண்ட்டா ஆயிட்ச்சி" என்றான் ராமதாஸ். பிரியாணிக் கடை வைக்க அந்தப் பட்டறையைக் கேட்டு வந்திருந்தான். சார்லிக்கு அவனிடம் பிடித்ததே அந்த மரியாதைதான். எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து பேசுவான். மற்றவர்கள் கரண்ட் வண்டி வாங்கிய வெட்கத்தில் அவரிடம் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்கள்.

"மொதல்ல எழிலரசன் வாங்கிக்கினு வந்தான். தொறந்து பாத்தேன். ஆயில் இல்ல, பிளக் இல்ல, கிளட்ச் இல்ல. சைலன்சரக் கூட காணோம். எவனோ கயட்டிக்கினு பூட்டான்னு நெனச்சேன்."

"அய்யோ பாவம்."

"கெட்டா லேப்டாப்ப வச்சி பாப்பானாம். ஸ்க்ரூடிரைவர வச்சேன், சத்தமே இல்ல. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் வாசல்ல நிக்கறப்பவே அப்டிதான். இப்பல்லாம் நான் பானெட்டையே தொறக்கறதில்ல. வாசலோட கம்பெனிக்கு அனுப்பிடறேன்."

"நீங்க செஞ்சதுதாண்ணே சரி."

"போன வாரம் சந்தவாசல் பஸ்ஸு. பூனை மாதிரி முதுகாண்ட வந்து நிக்குது. கால்வாயில குதிச்சேன். டிரைவர் கைய ஆட்டி ஆட்டி திட்டறான். பஸ்ஸையும் மாத்திட்டானுங்க போல."

"மாத்திட்டாங்கண்ணே. பேப்பர்ல போட்டிருந்தான்."

சார்லி எதிர் வீட்டுப் பக்கம் தலையை ஆட்டினார். "அந்தக் கண்ணகி தறி கூட நின்னு போச்சி. விடிஞ்சா ஒரே இரைச்சலா இருக்கும். யாருக்குமே தொழில் இல்ல."

"பட்டு எங்கண்ணே ஓடுது இப்போ? வயித்துக்குத்தான் தொழில். பிரியாணின்னா எந்தக் கரண்ட்டாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. சாவிய குடுங்க, ஜல்தியா அடுப்பு போட்டுடறேன்."

சார்லி சாவிக்கொத்தை எடுத்தார். முப்பது வருடப் பட்டறை. மனைவி ரோசம்மாளுக்கு இதில் சம்மதமில்லை. ஆறு மாதமாக, வேலூருக்கு ஒரு தரம் போய்வரலாம் வாங்க என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். அங்கே கரண்ட் வண்டிக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். நரைத்த பிறகு பையன்களோடு பெஞ்சில் உட்கார அவர் தயாராக இல்லை. அவள் 'வேலூர்' என்று வாயெடுத்தாலே, எதற்கென்று கேட்காமல் எழுந்து போய்விடுவார்.

சாவியை நீட்டினார். ராமதாசும் கையை நீட்டினான்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். திரும்பினால் குணா, ஒரு கையில் டீ கிளாஸ்களோடு.

"இன்னாண்ணே, எத்தினி தரம் கூப்புடறது? காது வெச்சிப் பாக்காம சாவிய குடுத்துக்கினு கீறீங்க?"

"கரண்ட் வண்டிக்கு என் காது எதுக்குடா?"

குணா சிரித்தான். சார்லி சிரிக்கவில்லை. குணாவின் சிரிப்பும் நின்றது. ராமதாசைப் பார்த்தான். ராமதாஸ் கூரையைப் பார்த்தான்.

குணா டீயை வைத்துவிட்டுப் போய் பானெட்டைத் தூக்கினான். சார்லியின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை உள்ளே அழுத்தினான். பிறகு அவர் முகத்துக்கு நேராக வந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"டீசல் வண்டிண்ணே. நான் ஆஃபே பண்ணல. டீக்கடை வரைக்கும் கேக்குது."

உள்ளங்கை சுட்டது. முழங்கை வரை அதிர்ந்தது. கண்ணெதிரே பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

சார்லி மெல்ல நிமிர்ந்து எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். நின்றுபோனதாக அவர் நினைத்திருந்த தறியில், நாடா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் பறக்க, கண்ணகி நெய்துகொண்டிருந்தாள். சாவிக்காக நீட்டிய ராமதாசின் கை ஒன்றுதான் அந்தத் தெருவில் அசையாமல் நின்றது.