சட்டைப்பையில் தீப்பெட்டி

செல்லப்பாண்டியின் சட்டைப்பைக்குள் கைவிட்ட வாட்ச்மேன் எடுத்தது ஒரு தீப்பெட்டி.

பட்டாசு ஆலை கேட்டில் சோதனைக்கு நின்ற வரிசை மொத்தமும் ஓரடி பின்னால் போனது.

“மொதலாளி, இங்கன வாங்க!”

முதலாளி அய்யாதுரை காலையிலிருந்தே கேட் ரூமில்தான் இருந்தார். ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அவருக்கோ போனைக் கீழே வைக்க முடியவில்லை. மகள் கீர்த்திகா கல்யாணம் முடிந்து குடிபோன கிரேக்கத் தீவில் நேற்றிலிருந்து காடு எரிந்துகொண்டிருந்தது; ஆலை முழுக்க அதே பேச்சு.

அந்தத் தீவுக்காரர்கள் தங்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார்கள். எந்த மலையில் தீ, எந்த ரோடு அடைப்பு, காற்று எந்தப் பக்கம், எல்லாம் அதில் வரும். கீர்த்திகா அதைத் தமிழில் பேசி அப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

“வெயில் தாங்கலப்பா. மலை பூரா சருகாக் கெடக்கு. கடற்கரையில ஏதோ கல்யாணமாம். யாரோ வாணம் விட்டு, அதுல பத்துன தீ.”

அதைக் கேட்டதிலிருந்து, முகம் தெரியாத அந்த ஆளைத் திட்டிக்கொண்டிருந்தார் அய்யாதுரை. நடுநடுவே இருக்கன்குடி மாரியம்மனிடம் பேரம் வேறு. ஒரு கெடா என்று ஆரம்பித்தவர், தீ மலையிறங்கியதும் இரண்டாக்கியிருந்தார்.

இந்த நேரத்தில்தான் தீப்பெட்டி.

“ஏலே, பீடி குடிக்கவா இங்கன வாரே?”

“நான் பீடி தொட்டதே இல்ல மொதலாளி. மறந்து பையில…”

“மறந்து! அங்கனயும் ஒரு கூறுகெட்ட பய யோசிக்காமத்தான் வாணத்த விட்டான். என் மக வீட்டைப் பூட்டிட்டு நடுரோட்டுல நிக்கா. வேணும்னு வச்ச தீ சுடும், மறந்து வச்ச தீ குளுகுளுன்னு இருக்குமாலே?”



“உள்ள அம்புட்டுப் பொம்பளைக வெடிமருந்துக்கு நடுவுல உக்காந்து வேலை பாக்குதாக. ஆடிக் காத்து வேற. நீ ஒருத்தன் போதும்லே, அத்தன பேரையும் கொண்டுபோக.”

“பாப்பாவுக்குத் தலைதீபாவளிப் பெட்டி கட்டுனவனே நான்தான மொதலாளி. எனக்குத் தெரியாதா…”

“வாய மூடு!”

அய்யாதுரை சுற்றுமுற்றும் பார்த்தார். அது வெளியே தெரியக் கூடாத சங்கதி. போன தீபாவளிக்கு முன், தீவில் ஹோட்டல் வைத்திருக்கும் மருமகனுக்குக் கப்பலில் மசாலாச் சரக்கு போனபோது, நடுவில் ஒரு பெட்டி வாணத்தையும் மறைத்து அனுப்பியிருந்தார். பட்டாசுக்காரன் மகள் வெடி இல்லாமல் தலைதீபாவளி கொண்டாடுவதா? பெட்டி மேல் கம்பெனி லேபிள். லேபிளில் பட்டுப்பாவாடை கட்டிச் சிரிக்கும் பிள்ளை, சின்ன வயசுக் கீர்த்திகா.

“கெளம்பு. இனி இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தக் கம்பெனியும் ஒன்னயச் சேக்காது. நானே போன் போட்டுச் சொல்லிருவேன்.”

“மொதலாளி, மூத்தவ இப்பத்தான் காலேஜ் சேந்திருக்கா…”

“அது ஒனக்குத் தீப்பெட்டிய எடுக்கும்போது தெரிஞ்சிருக்கணும்.”

செல்லப்பாண்டி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். போகவில்லை. கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

“அவன் எதுக்கு இன்னும் அங்கன உக்காந்திருக்கான்? வெரட்டு!”

வரிசையில் கடைசியாக நின்ற பாண்டிலட்சுமி தொண்டையைச் செருமினாள்.

“பாப்பா சேதி வராம போமாட்டானாம் மொதலாளி.”

“என்ன?”

“விடியக்காலம் மாரியம்மன் கோயில்ல அவனப் பாத்தேன். பாப்பா பேரச் சொல்லிச் சூடம் கொளுத்திட்டு நின்னான். காத்துல அணைய அணைய, திரும்பத் திரும்பக் கொளுத்துனான். அந்தத் தீப்பெட்டிதான் இது.”

அய்யாதுரை வாட்ச்மேன் கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தார்.  போன் அடித்தது.

“அப்பா, தீ நின்னுருச்சுப்பா! காத்து கடல் பக்கம் திரும்பிருச்சு. நாங்க நல்லாருக்கோம்.”

“தாயே!” என்று சுவரில் சாய்ந்தார். மறுநொடியே பழைய குரல் வந்துவிட்டது. “அந்த வாணம் விட்ட பய ஆப்புட்டானா? அவன லேசுல விடக் கூடாது தாயி. அந்தக் கையி…”

கீர்த்திகா குறுக்கிட்டாள்.



“ஒரு படம் அனுப்பிருக்கேன். பாருங்கப்பா.”

பார்த்தார். மணலில் பாதி கருகிய அட்டைப்பெட்டி. கருகாத மூலையில், பட்டுப்பாவாடை கட்டிச் சிரிக்கும் ஒரு பிள்ளை.

“தீபாவளிக்கு நாங்க தொடவே இல்லப்பா, பயமா இருந்துச்சு. அந்தப் பெட்டிய இவரு கல்யாணக்காரங்களுக்குக் குடுத்திருக்காரு. எனக்கே இப்பத்தான் தெரியும்.” அவள் குரல் தணிந்தது. “குரூப் பூரா இந்தப் படம்தான் ஓடுது. வீடு எரிஞ்சவுக, தோப்பு எரிஞ்சவுக எல்லாரும், இந்தப் பிள்ளை யாருன்னு கேக்காகப்பா. நான் என்ன சொல்ல?”

 வரிசையில் நின்றவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்புறம் பேசுதேன் தாயி.”

வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

“செல்லப்பாண்டிய வேலைக்கு வரச் சொல்லு.”

செல்லப்பாண்டி ஓடி வந்தான். வேலையைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.

“பாப்பா தப்பிச்சிருச்சா மொதலாளி?”

“ம்.”

இருக்கன்குடி இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

“தீ வச்ச பய மாட்டிக்கிட்டானா?”

அய்யாதுரை போனைக் கவிழ்த்து வைத்தார்.

“இன்னும் இல்லலே.”