ஐஸ் பெட்டிக்குக் காவல்

ஐஸ் பெட்டியை விட்டு அந்த நாய் நகரவே இல்லை. உள்ளே செல்லமுத்து கண்ணை மூடிக் கிடந்தார். வெளியே பெட்டியோடு ஒட்டிக்கொண்டு நாய் கிடந்தது. உடம்பெல்லாம் புசுபுசுவென்று முடி. வால் தரையைக் கூட்டியது.

"பாத்தியாடா அன்பு? வாயில்லாத ஜீவன். நான் வந்ததுலேருந்து அன்னந்தண்ணி இல்லாம கெடக்குது" என்றார் நைனார்பாளையத்திலிருந்து வந்திருந்த தெய்வசிகாமணி சித்தப்பா. "நீ இன்னாடான்னா, பெத்த புள்ள, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணியக் காணோம்."

அன்புச்செல்வனுக்குச் சுருக்கென்றது. தகவல் கிடைத்ததும் சென்னையிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்தவன். வடக்கனந்தலுக்கு அவன் வந்தே இரண்டு வருஷம் இருக்கும். அப்பா எப்போது நாய் வளர்க்க ஆரம்பித்தார் என்று அவனுக்கு எங்கே தெரியும்?

யாரையாவது கேட்கலாமென்றால், அப்பன் வீட்டு நாயைக்கூடத் தெரியாதா என்று அத்தனை பேர் முன்னாலும் மானம் போகும். வயல்காட்டு நடுவே ஒற்றை வீடு; நைசாக விசாரிக்கப் பக்கத்து வீடும் கிடையாது.

"அப்பா ஃபோன்ல சொல்லிக்கினே இருப்பாரு சித்தப்பா. மணின்னா அவருக்கு உசுரு" என்று அடித்து விட்டான்.

உளுந்தூர்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்த தங்கை விஜயலட்சுமி மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள். "மணியா? ராஜான்னு இல்ல கூப்புடுவாரு? எங்கிட்ட அப்பிடித்தான் சொன்னாரு."

அண்ணன் மணி என்று கூப்பிட்டான். தங்கை ராஜா என்று கூப்பிட்டாள். நாய் ஒன்றுக்கும் காதை ஆட்டவில்லை.

"துக்கத்துல பேரு கூட மறந்து பூடுச்சி பாவம்" என்றார் சித்தப்பா.

வெயில் ஏறிக்கொண்டே போனது. கல்வராயன் மலைப் பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்று இல்லை. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது. வந்தவர்களெல்லாம் பிணத்தை மறந்து நாய்க்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"இம்மாம் முடிய வெச்சிக்கினு எப்பிடித் தாங்கும்? ஈரத்துணி போடுப்பா!"

"மேல ஊத்தாத, காலுல ஊத்து!"

"மோரு இருந்தாக் குடுடா. அப்பனத்தான் பாக்கல, அவரு வளத்ததையாவது பாரு!"

அன்புச்செல்வன் வாளியைத் தூக்கிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்கும் வீட்டுக்குமாக ஓடினான். துண்டை நனைத்துப் போட்டான். நாய் உதறிவிட்டு மறுபடி பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. விசிறி எடுத்து வீசினான். இவனுக்கு முதுகில் வேர்வை ஆறாக ஓடியது. ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க நாதியில்லை. சே, இதெல்லாம் ஒரு பிழைப்பா! ஆத்திரத்தில் அவனுக்குக் கண் கலங்கியே விட்டது.

"இப்பத்தான் அழுவறான்" என்று யாரோ திருப்தியாகச் சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பெட்டியின் உறுமல் நின்றது. நாய் துள்ளி எழுந்து பெட்டியைப் பிராண்டியது, அண்ணாந்து ஊளையிட்டது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைப் புதிதாகத் தொடங்கினார்கள். கரண்ட் திரும்பி வந்த பிறகுதான் நாயும் அடங்கியது, அவர்களும் அடங்கினார்கள்.

பாடை கிளம்பியபோது நாய் கூட வரவில்லை. காலிப் பெட்டியோடு அப்படியே கிடந்தது. "அவரு படுத்த எடத்த வுட்டு வர மனசில்ல" என்று சித்தப்பா அதற்கும் ஒரு காரணம் சொன்னார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பித் தலை முழுகிவிட்டு வந்ததும், அவரே தீர்ப்பும் சொன்னார். "அப்பன யாரு பாத்துக்கினீங்களோ, அவங்கதான் இந்த நாய இட்டுக்கினு போவணும்."

"நாந்தான் பாத்துக்கினேன்" என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

"மாசாமாசம் வந்து பாத்தவ நானு!" என்றாள் விஜயலட்சுமி.

"எந்த மாசம்டி வந்த?"

"நீ எந்த வருசம் வந்த, அதச் சொல்லு மொதல்ல!"

"எங்கூட்ல ஏசி இருக்குது. முடி நாயி அங்கதான் தாங்கும். உன் தகரக் கொட்டாயில ஒரு நாளு இருக்குமா?"

"ஏசி வெச்சிருந்தியே, அப்பன ஒரு நாளு கூப்ட்டு வெச்சிக்கினியா?"

சுற்றி நின்ற உறவுக்கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. அன்புச்செல்வன் கூனிக் குறுகிப் போனான். நாயை விட்டுக்கொடுத்தால் அப்பாவைக் கைவிட்டவன் என்று ஊர் முடிவே கட்டிவிடும். என்ன ஆனாலும் சரி, அது சென்னைக்குத்தான் வர வேண்டும்.

அப்போது மினி வேன் வந்து நின்றது. கள்ளக்குறிச்சியில் வாடகைக் கடை வைத்திருக்கும் செபாஸ்தியான், பெட்டியை எடுத்துப்போக வந்திருந்தார். ஆள்கள் பெட்டியைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். நாய் ஒரே தாவலாகத் தாவி, அதன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

அன்புச்செல்வன் ஓடிப்போய் வேனை மறித்தான். "யோவ், எங்கப்பா வளத்த நாய எங்கய்யா இட்டுக்கினு போற?"

செபாஸ்தியான் திருதிருவென்று விழித்தார். "இது எங்க வூட்டு நாயிங்க. முடி ஜாஸ்திங்களா, வெயிலு தாங்காது. பொட்டி எங்க போவுதோ அங்க இதுவும் ஏறி வந்துடும். நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடியே பொட்டிய எறக்கி வெச்சனே, அப்பக் கூப்ட்டேன், வர மாட்டேன்னுடுச்சி."

அண்ணனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"பொங்கலப்ப பஸ் ஸ்டாண்டுல உங்கப்பார நாய் கடிச்சி, ஊசி போட நாந்தான் இட்டுக்கினு போனேன். அதுலேருந்து நாயக் கண்டாலே நடுங்குவாரே... உங்ககிட்டச் சொல்லலீங்களா?"