வழி தவறிய ஜீப்

"வலது எது, இடது எதுன்னே தெரியல. உனக்கெல்லாம் எந்தப் புண்ணியவான்யா லைசென்ஸ் கொடுத்தான்?"

நகராட்சித் தலைவர் போட்ட சத்தத்தில் அலுவலகமே எழுந்து நின்றது.

டிரைவர் தலைகுனிந்து நின்றார். இருபத்தாறு வருடமாக நகராட்சி ஜீப்பை ஓட்டுகிறவர். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. ஊரில் அவருக்குப் பெயரே 'நிதானம்'தான்.

விஷயம் இதுதான். ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவர்கள் இந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு வர ஒரே ஒரு தரைப்பாலம். அதுவும் பாதி இடிந்தது. புதுப் பாலத்துக்கு மத்திய அரசிடம் நிதி கேட்டு ஒன்பது வருடமாக மனு மேல் மனு. கடைசியில், நேரில் பார்த்து முடிவு சொல்ல தலைநகரத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

தலைவர் பம்பரமாகச் சுழன்றார். மெயின் ரோட்டுக்குப் புதுத் தார். சுவருக்கெல்லாம் வெள்ளை. வழி நெடுக அவர் கும்பிடுகிற பேனர்.

"ஐயா, அந்தம்மா ஊரு எவ்வளவு மோசமா இருக்குன்னு பாக்க வர்றாங்க..." என்று இழுத்தார் நகராட்சிப் பொறியாளர்.

"அதுக்காக? கிழிஞ்ச சட்டையோட போய் நிக்கச் சொல்றியா? ஊரு மானம் என்னய்யா ஆகறது? பாலத்தை போட்டோவுல காட்டிக்கலாம்."

ஆனால், ரயில் நிலையத்தில் அதிகாரியை ஏற்றிய ஜீப் மெயின் ரோட்டுக்கு வரவேயில்லை. நேராகத் தரைப்பாலத்துக்குப் போய், நடுவில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி நின்றுவிட்டது.

அதிகாரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். எதிரே ஒரு நிறைமாதக் கர்ப்பிணியை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"தினமும் இப்படித்தானா?"

"மழை பெஞ்சா இதுவும் கிடையாது மேடம்" என்றான் நாற்காலியைப் பிடித்திருந்த கணவன்.

அந்த நனைந்த புடவையோடுதான் அதிகாரி அலுவலகம் வந்து சேர்ந்தார். அவரை ரயிலேற்றிவிட்டு வந்த பிறகுதான் இந்த விசாரணை.

"கண்ணைப் பிடரியிலயா வச்சிருந்தே? எங்க மூஞ்சியில கரியைப் பூசிட்டியே!" என்று பொறியாளரும் சேர்ந்து பாய்ந்தார்.

டிரைவர் அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றே வேலை போனது. உத்தரவைத் தயார் செய்து கையெழுத்துக்கு நீட்டியவரும் பொறியாளர்தான்.

இரண்டே மாதத்தில், கேட்ட நிதி முழுசாக வந்தது.

அடிக்கல் நாட்டு விழா. "இந்தப் பாலத்துக்காக நான் தலைநகரத்துல ஏறி இறங்காத படி இல்ல!" தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைநகரத்துக்கு அவர் கடைசியாகப் போனது மச்சான் கல்யாணத்துக்கு.

பொறியாளருக்கு 'கடமை வீரர்' என்று ஒரு கேடயம். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

மேடையை விட்டு இறங்கியவர் கண்ணில் அந்த டிரைவர் பட்டார். இப்போது தெருத்தெருவாகக் காய்கறி வண்டி தள்ளுகிறாராம். பார்க்காத மாதிரி நழுவுவதற்குள் கிட்டே வந்துவிட்டார்.

பொறியாளருக்கு வியர்த்தது.

டிரைவர் குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாதீங்க சார். அந்த வழியாப் போகச் சொன்னது நீங்கதான்னு இன்னிக்கு வரைக்கும் என் சம்சாரத்துக்கிட்டகூடச் சொல்லல."